நாற்பத்து நாலுக்குக் கீழே

கிளப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் அத்தைதான். உண்மையில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அத்தை. அது கிளப்பை நடத்தும் மாஸ்டரின் மகள். அந்தப் பெண் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பாக்கள்கூட "அத்தை, இவனோட பெல்ட்டைக் காணோம்" என்று வந்து நிற்கிறார்கள். மீசை வைத்தவர்களுக்கெல்லாம் அத்தையாக இருப்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெல்ட்டைத் தேடிக் கொடுத்துவிடுவாள்.

டேக்வாண்டோ போட்டி என்றால் ஜனங்கள் உதையை மட்டும்தான் நினைக்கிறார்கள். உதைக்கிற நேரம் என்னவோ சில நிமிஷங்கள். அதற்கு முன்னால் யாரோ ஒருத்தி அத்தனை பிள்ளைகளின் நகத்தையும் வெட்ட வேண்டும், அவிழாதபடி முடியைக் கட்ட வேண்டும், பல்லுக்கு மாட்டும் உறைகளைக் கழுவி அவரவர் டப்பாவில் போட வேண்டும், பயத்தில் வாந்தி எடுக்கிறவனின் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் யாரும் பதக்கம் தருவதில்லை. பெண் பிள்ளைகள் ஆடும் அணிக்குப் பெண் மேலாளர் கட்டாயம் என்று ஒரு விதி இருந்ததால், அத்தையின் கழுத்தில் 'அணி மேலாளர்' என்ற அட்டை மட்டும் தொங்கும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மாஸ்டர் விரலால் காட்டுவார், அவள் போடுவாள்.

மாஸ்டர் அவளுடைய சொந்த அண்ணன். அண்ணி இறந்தபோது பத்து நாள் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு பையோடு வந்தாள். பத்து நாள் முடிந்த பிறகுதான் திரும்பிப் போக ஓர் இடமில்லை என்பது உறைத்தது. புருஷன் வீடு ஏற்கெனவே இல்லையென்று ஆகியிருந்தது. குழந்தையோ இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்படியே தங்கிவிட்டாள்.

அந்தக் குழந்தைக்குக் கிளப்பில் நெத்திலி என்று பெயர். மெலிந்த உடம்பு, மின்னல் வேகக் கால். நாற்பத்து நாலு கிலோவுக்குக் கீழே உள்ள பிரிவில் அவளை அடிக்க ஆளில்லை. மாஸ்டருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் பதின்மூன்று வயதில் நெத்திலி நெத்திலியாகவே இருப்பாளா? உயரம் போட்டாள், தோள் விரிந்தது, சட்டையெல்லாம் குட்டையானது. ஊர் உலகத்தில் பிள்ளை வளர்ந்தால் பெற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். இந்த வீட்டில் மட்டும் அது குற்றமாகிவிட்டது.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் இருக்கும் எடை மெஷினில் அவள் ஏறி நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் மாஸ்டர் "சாப்பிடு" என்பார். கூடுதலாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கையை ஓங்குகிற மனுஷன் இல்லை அவர்; கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். எதிரில் நிற்கிற ஆளையே இல்லாத ஆளாக்கிவிடுவார். முகம் கொடுக்க மாட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். எடை இறங்கும்வரை அப்படித்தான். இரண்டு அடி வாங்கியிருந்தால்கூட அந்தப் பெண் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பாள். இதற்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளரிக்காய்த் துண்டுகளைக் கடித்துக்கொண்டு அப்பாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஹாலைத் துடைக்கும்போது அத்தை மெஷினை நகர்த்தி, நெத்திலி பயிற்சி செய்யும் ரப்பர் மேட்டின் மேல் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி எடை கணிசமாகக் குறைவாகக் காட்டியது. மாஸ்டர் "சாப்பிடு" என்றார். அத்தைக்கு ஆச்சரியம். மறுநாள் யாருமில்லாத நேரத்தில் தானே ஏறிப் பார்த்தாள். தரையில் வைத்தால் ஒரு எடை, மேட்டில் வைத்தால் அதைவிடக் குறைவு. அடியில் மெத்தென்று இருந்தால் மெஷின் ஏமாந்துபோகிறது. திரும்பத் தரையில் வைத்துவிடலாம் என்றுதான் குனிந்தாள். முந்தின ராத்திரி அந்தப் பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கை வரவில்லை. மாஸ்டர் எண்ணைப் பார்ப்பவரே தவிர, மெஷின் எதன் மேல் இருக்கிறது என்று பார்ப்பவர் இல்லை.

போட்டியில் வெறும் தரையில்தான் மெஷின் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நாளும் வந்தேவிட்டது.

விளையாட்டு அரங்கத்தின் பின்பக்கம், பழைய வலைகளும் பந்துகளும் அடைத்துக் கிடந்த ஓர் அறையில் பெண் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். வாசலில் திரை. உள்ளே ஒரு நர்ஸம்மா. எடை சரியாக இருந்தால் பிள்ளையின் புறங்கையில் மார்க்கரால் பிரிவின் எண்ணை எழுதுவார். எழுதிய கையை ஆட்டிக்கொண்டு பிள்ளைகள் வெளியே ஓடும்.

நெத்திலி மெஷினில் ஏறினாள். "நாப்பத்து நாலு அறுநூறு" என்றார் நர்ஸம்மா.

நெத்திலி இறங்கி மறுபடி ஏறினாள். அதே எண்.

"ஒரு மணி நேரம் இருக்கும்மா. குறைச்சுக்கிட்டு வந்தா இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றவர், அத்தையின் பக்கம் திரும்பினார். "இல்லேன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. மேல் பிரிவுல, நாப்பத்தேழுக்குக் கீழே ஆடட்டும். ஒண்ணும் குடி முழுகிடாது."

குடி முழுகத்தான் போகிறது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"அத்தை, நான் ஒண்ணும் சாப்பிடலை" என்று நெத்திலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா அத்தை. நேத்து ராத்திரி கொறச்சலாத்தானே காட்டுச்சு?"

திரைக்கு வெளியே மாஸ்டர் நின்றிருந்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கையில் எண் இல்லை.

"வழியில என்ன தின்னே?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

அத்தை இப்போது சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னது வீட்டு மெஷின், சொல்ல வைத்தது நான் என்று இரண்டே வார்த்தை. சொன்னால், வந்தபோது கொண்டுவந்த அந்த ஒரே பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதுகூடப் போகட்டும். இந்தப் பெண்ணை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் மகளை இல்லாத ஆளாக்கிவிட்டு, தங்கையிடம் மட்டும் பேசினார்.

"பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டு மாடிப்படியில ஓட விடு. தண்ணி குடுக்காதே."

"சரிண்ணா" என்றாள் அத்தை. அந்தச் சொல் எப்போதும் அவள் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். மற்றச் சொற்கள் அதைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

பார்வையாளர்கள் உட்காரும் காலரிக்கு ஏறும் படிகளில் நெத்திலி ஏறி இறங்கினாள். கழுத்துவரை மூடிய மழைக்கோட்டுக்குள் வேர்வை வழிந்தது. மேலே போய்த் திரும்பும்போதெல்லாம் கீழே நிற்கும் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடாத நேரத்தில், அதுவும் எடைதானே என்று ஒரு பாட்டிலில் எச்சில் துப்பினாள். கொஞ்ச நேரத்தில் துப்ப எச்சிலும் இல்லை. அத்தை படிக்கட்டின் அடியில் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் எப்படியோ நான்கு வாய் சோறு போட்டதற்கு இங்கே வட்டியும் முதலுமாக இந்தக் குழந்தையிடமிருந்து பிடுங்குகிறோம் என்று நெஞ்சு எரிந்தது. இதை அவள் ஒருத்திதான் செய்தாள். அண்ணனுக்கு இதில் பங்கில்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

மறுபடி எடை பார்த்தபோது நூற்றைம்பது கிராம் கூடுதல். நேரம் முடியப் போகிறது. நர்ஸம்மா நெற்றியைச் சுருக்கி, "போதும்மா, பிள்ளை முகத்தைப் பாருங்க" என்றார்.

திரைக்கு வெளியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "பின்னலை வெட்டு. கத்தரி உன்கிட்டதானே இருக்கு?"

நெத்திலிக்கு முழங்கைவரை வரும் பின்னல். அத்தை அதைக் காலையில்தான் எண்ணெய் தடவிப் பின்னிச் சுற்றிக் கட்டியிருந்தாள். நகம் வெட்டும் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். எடுக்கத்தான் செய்தாள், அவள் கை அண்ணன் சொன்னதைக் கேட்டுப் பழகிய கை.

நெத்திலி ரப்பர் பேண்டை உருவி, பின்னலை முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது.

"வெட்டுங்க அத்தை. முடிதானே, வளந்துரும்."

"உனக்குப் பரவாயில்லையாடி?"

"கொறஞ்சா அப்பா பேசுவாரு."

ஆசையாகத்தான் சொன்னாள். கடையில் பொம்மை கேட்கிற குழந்தை மாதிரி. அத்தைக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணன் பேசமாட்டாரே என்று இவள் பயந்துகொண்டிருந்த அதே பயம், பதின்மூன்று வயதில், இந்தச் சின்ன முகத்தில். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? இவளைப் பார்த்துத்தான். வெட்கத்தில் காது சுட்டது. கத்தரியைப் பைக்குள் போட்டுவிட்டு நர்ஸம்மாவின் மேஜைக்குப் போனாள்.

"மேல் பிரிவுக்கு எங்கே கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். நர்ஸம்மா நெத்திலியின் கையில் நாற்பத்தேழு என்று எழுதினார். அத்தை தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தக் கையிலேயே கொடுத்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணா, மேல் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மிச்சத்தையும் கொட்டிவிட்டாள். "அவ எதையும் திருடித் திங்கலை. வீட்டு மெஷினை மேட் மேல வச்சது நான்தான். அப்படி வச்சா கொறச்சுக் காட்டும். தெரிஞ்சேதான் வச்சேன். பிள்ளை பசியில கிடந்தா, வச்சேன்."

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பார்வை அவளைத் தாண்டி, பின்னாலிருந்த சுவருக்குப் போய்விட்டது. பயிற்சியாளருக்கான துண்டைத் தன் தோளிலிருந்து எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டவங்களே நாற்காலியிலயும் உட்காரட்டும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுக் காலரிக்குப் போய்விட்டார்.

மேட் ஓரத்து நாற்காலியில் அணியின் பெரியவர் ஒருவர் உட்காராவிட்டால் சின்னப் பிள்ளைகளை ஆட விட மாட்டார்கள். அத்தை இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். அரங்கமே தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து ஓடவும் முடியாது. ஓடினால் நெத்திலி ஆடாமலே தோற்பாள்.

எதிரில் வந்த பெண் ஒரு தலை உயரம். முதல் சுற்றில் நெத்திலியின் மார்புக் கவசத்தில் உதை மேல் உதையாக விழுந்தது. அந்தப் பக்கத்துப் பயிற்சியாளர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். அத்தைக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. எந்த உதைக்கு என்ன பெயர் என்பதையே அவள் சரியாகக் கவனித்ததில்லை. துண்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் நெத்திலி மூச்சு வாங்க வந்து முன்னால் நின்றாள். அத்தை முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அப்பா பாக்கறாரா அத்தை?"

அத்தை காலரியை அண்ணாந்து பார்த்தாள். மாஸ்டர் கடைசி வரிசையில், வேறு மேட்டின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பார்க்கிறார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இதுவரை சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"இல்லடி. நான் பாக்கறேன்."

நெத்திலி பல் உறையைக் கடித்துக்கொண்டு போனாள். அடுத்த சுற்றில் ஒரு உதை அந்த உயரமான பெண்ணின் கவசத்தில் நன்றாகவே போய் விழுந்தது. அத்தை தன்னையறியாமல் எழுந்து நின்று "அப்படித்தான்!" என்று கத்திவிட்டாள். நடுவர் உட்காரச் சொல்லி விரலைக் காட்டினார். அந்த ஒரு உதையோடு சரி. நெத்திலி தோற்றுவிட்டாள்.

சாயங்காலம் வேன் புறப்படும்போது டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அத்தை, தப்பா நினைக்காதீங்க. மாஸ்டர் சொல்லச் சொன்னாரு. வேன்ல உங்களுக்கு இடமில்லையாம். பாப்பா வரலாமாம்."

அத்தை பதில் சொல்வதற்குள் நெத்திலி வேனிலிருந்து தன் பையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நான் அத்தையோட பஸ்ல வரேன்."

"வேணாம்டி கண்ணு, போ. அப்பாவுக்கு இன்னும் கோபம் வரும்."

"என்ன பண்ணுவாரு? பேச மாட்டாரு" என்றாள் நெத்திலி. சொல்லிவிட்டுப் பயந்துபோய் வேனின் முன் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே தெரிந்த தலை திரும்பவில்லை. வேன் போய்விட்டது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நெத்திலி இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள், ஒரு பன்னைப் பாதி சாப்பிட்டாள், மீதியை அத்தைக்குக் கொடுத்தாள். பஸ்ஸில் வந்தால் என்ன, வேனில் வந்தால் என்ன, போய்ச் சேருவது அதே ஹாலுக்குத்தான். அத்தை மனதுக்குள் வேறு யார் யார் வீடோ எண்ணிப் பார்த்தாள். எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தெருமுனையில் பஸ் நின்றது. வேன் வீட்டு வாசலில் நின்றிருந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது, ஜன்னல் திரைக்குப் பின்னால் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. அத்தை பையை எடுக்கக் கையை நீட்டினாள். நெத்திலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அடுத்த ஸ்டாப்ல இறங்கலாமா?"

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாலும் திரும்பி இங்கேதான் நடந்து வர வேண்டும். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

கண்டக்டர் "இறங்கறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.