மஞ்சள் ஸ்டிக்கர்

என் அக்கா மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுகிறோம். அவள் பிறப்பதற்கு முன்பே வைத்த பெயர் அது. வயிற்றுக்குள் அவ்வளவு உதை. இப்போது அவளிடம் வாண்டுத்தனம் ஒன்றும் இல்லை. நடப்பதில்லை, பேசுவதில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து ஒன்றோடொன்று பிசைந்துகொண்டே இருக்கிறாள். தவழ்ந்த காலத்தில் "அம்மா" என்றாள், "லைட்டு" என்றாள், என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு "போ" என்றாள். பிறகு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என்னை விரட்டக்கூட அவளுக்கு வார்த்தை இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரணம் ஒரு புரதம். அவளுடைய மரபணுப் பரிசோதனை முடிவு வந்ததும், நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அதே புரதத்தை ஆராய்கிற ஆய்வுக்கூடத்தில் போய் நின்றேன். "இங்க ஆள் தேவையில்லையே" என்றார் அங்கே தலைமை வகிக்கும் மேடம். "எனக்கு இந்த இடம் தேவை மேடம்" என்றேன். சேர்த்துக்கொண்டார். என் பிடிவாதத்தை வீட்டில் யாரும் நல்ல குணம் என்று சொன்னதில்லை. அங்கே அதற்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அக்கா ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். பேண்ட் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்கும் பெருத்தவர்களுக்கும் தகுந்த மாதிரி தையலைப் பிரித்துப் போடுவது. கடைக்குள் மெஷினுக்குப் பக்கத்தில் மெத்தை விரித்து, தலையணைகளை அண்டக் கொடுத்து வாண்டுவை உட்கார வைத்திருப்பாள். டாக்டர் வாய் வலிக்கச் சொல்லியும் அக்காவுக்கு விளங்காத விஷயத்தை நான் அந்தக் கடையில்தான் ஒரு மதியம் விளக்கினேன்.

"செல்லுக்குள்ள நீளநீளமா இழை இருக்கும்க்கா. ஒரு கத்தரி அதைக் குட்டிக் குட்டியா வெட்டும். அந்தத் துண்டுக்குத்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. 'வளரு'ன்னு ஒரு உத்தரவு வந்தா, இந்தத் துண்டு போய் அது வாயைப் பொத்திடும்."

"அப்ப அது கெட்டதா?"

"இல்லக்கா, அளவா இருந்தா நல்லது. கண்டபடி வளரக் கூடாதுல்ல? ஆனா கத்தரி பாட்டுக்கு வெட்டிட்டே இருக்கக் கூடாது. அது கையைப் பிடிச்சு, போதும் நிறுத்துன்னு சொல்ல ஒரு புரதம் இருக்கு. வாண்டுகிட்ட அது இல்ல. துண்டு குவிஞ்சு போச்சு. மூளை செல்லு கிளை விடாம நின்னு போச்சு."

அக்கா கையிலிருந்த பேண்டைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தன் கத்தரிக்கோலையே பார்த்தாள்.

"அந்தப் புரதத்தை உள்ள போட்டா?"

"அதைத்தான் பாக்கப் போறோம்."

நான் சொன்னது ஒரு சோதனையை. அவள் காதில் விழுந்தது வைத்தியம். அந்த வித்தியாசத்தை அப்போதே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, எனக்கு டீ போட்டாள். அவள் எனக்கு டீ போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

எங்கள் சோதனை இதுதான். வாண்டு, அக்கா, மாமா மூன்று பேர் கையிலிருந்தும் கடுகளவு தோல் எடுத்தோம். அந்தத் தோல் செல்களைக் கருவிலிருந்த காலத்துக்குத் திருப்பி, அங்கிருந்து நரம்பு செல்லாக வளர்த்தோம். சொல்லும்போது ஒரு வரி. செய்யும்போது பொழுது விடிந்து பொழுது போவது தெரியாது. தட்டில் வளர்கிற செல் மாதிரி அடம் பிடிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. தீனி கொஞ்சம் தாமதமானால் சுருண்டுகொள்ளும், தட்டைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கினால் பிய்த்துக்கொண்டு மிதக்கும். வாண்டுவின் செல்களில் பாதித் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டோம். மீதிப் பாதிக்கு, அவளிடம் இல்லாத மரபணுவை ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி உள்ளே அனுப்பினோம். செல் அதைப் படித்துப் புரதத்தைத் தானே செய்துகொள்ளும். அம்மா அப்பாவின் செல்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

கிளைகளை அளப்பது என் வேலை. "சொந்தக்காரப் பிள்ளையோட செல்லை நான் அளக்கலாமா மேடம்?" என்று நானேதான் கேட்டேன். "நீ பாக்கிறப்போ அது யாரோடதுன்னே உனக்குத் தெரியாது. தெரியாததுமேல எப்படிப் பாசம் வரும்?" என்றார். எங்கள் தொழிலில் அது மீற முடியாத விதி. அளக்கிறவருக்கு எது எது என்று தெரிந்துவிட்டால் ஆசை கண்ணை மறைக்கும், இல்லாத கிளையும் தெரியும். அதனால் பூட்டு என்று நாங்கள் கூப்பிடும் சக ஆராய்ச்சியாளர் எல்லாத் தட்டுகளுக்கும் பெயரை அழித்துவிட்டு நான்கு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். எந்த நிறம் யார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவரிடம் ஒரு விஷயம் போனால் போனதுதான். தன் கல்யாணத்தையே எங்களுக்குப் போட்டோ வந்த பிறகுதான் சொன்னார்.

தோல் கொடுத்த குடும்பம் ஒரு தடவை கூடத்தைப் பார்க்க வரலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அக்கா கடையை அடைத்துவிட்டு, இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். செருப்புக்கு மேல் உறை போடச் சொன்னதும் போட்டாள். எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள். நுண்ணோக்கி அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் போட்டேன். கைக்கு வந்த தட்டை வைத்தேன். அது மஞ்சள் ஸ்டிக்கர்.

திரை முழுக்க ஒரே ஒரு செல். ஒளிரும் சாயத்தில், கிளை, கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து இன்னும் மெல்லிசாய்க் குச்சி குச்சியாக, திரை போதாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. நானே அப்படி ஒன்றை அடிக்கடி பார்ப்பதில்லை.

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "இது வாண்டுதானே?"

"தெரியாதுக்கா."

"புரதம் போட்டது."

"நிஜமாவே எனக்குத் தெரியாதுக்கா. எங்கிட்ட சொல்லமாட்டாங்க. உன்னோடதா இருக்கலாம், மாமாவோடதா இருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் நான் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு முழிக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "சரிடி, நீ சொல்லக் கூடாது. எனக்குப் புரியுது. என்னோடது இவ்வளவு அழகாவா இருக்கும்? பத்தாவதையே ரெண்டு தடவை எழுதினவ நான்."

"அக்கா, கிளைக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்ல."

"சரி, சரி" என்றாள். திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். பூட்டு கதவருகில் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அந்த மனிதரை அன்றைக்கு நான் வெறுத்தேன்.

அதற்குப் பிறகு என்னால் எதையும் நிறுத்த முடியவில்லை. படம் மாமாவின் போனுக்குப் போனது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா பேண்டைக் கொடுக்கும்போது படத்தையும் காட்டினாள். வாண்டுவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "பாரு, இது யாரு? நீதான்!" என்றாள். வாண்டு கையைப் பிசைந்துகொண்டே வெளிச்சத்தைப் பார்த்தாள். ஒரு தடவை அவள் உதடு குவிந்தது போல் இருந்ததாம். "லைட்டுன்னு சொல்ல வந்தாடி" என்று எனக்குப் போன் வந்தது. சளி பிடித்திருந்தது என்று மாமா பின்னால் இருந்து சொல்வதும் கேட்டது.

வாண்டு பிசியோதெரபிக்குப் போகிற மையத்திலிருந்து ஓர் ஆள் அவளுக்குச் சக்கர நாற்காலி அளவெடுக்க வந்தார். முதுகெலும்பு ஒரு பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. சரியான நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்காவிட்டால் வளைவு கூடும், பிறகு மூச்சுக்கே சிரமம் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்திருந்தார். அக்கா அந்த அளவெடுக்கிறவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

"நடக்கப் போற பிள்ளைக்கு எதுக்கு நாற்காலி?"

நான் ஓடினேன். "அக்கா, தட்டுல என்ன ஆனாலும் அது தட்டுல. தட்டுல இருந்து மூளைக்கு எத்தனை வருஷமோ, எத்தனை தோல்வியோ. அந்த நாற்காலி இன்னைக்கு வேணும்."

"உனக்கு எப்பவுமே அபசகுனம்தான்" என்றாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன மிச்சம் எனக்கே கேட்கவில்லை.

எண்ணிக்கை முடியும் வரை பூட்டு வாயைத் திறக்க மாட்டார். அதனால் ராப்பகலாகக் கிளைகளை வரைந்து அளந்து தள்ளினேன். நானும் யோக்கியம் இல்லை. மஞ்சள் தட்டு வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு நப்பாசை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சிவப்பும் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. பச்சை குட்டை. நீலம் அதைவிடக் குட்டை. ஏதோ தட்டு கெட்டுப் போயிருக்கும் என்று நீலத்துக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புரதம் பலித்திருந்தால் மூன்று நிறம் நன்றாக வளர்ந்திருக்க வேண்டும்; இரண்டுதான் என்றால் மஞ்சளும் சிவப்பும் அம்மா அப்பா என்று ஒரு சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டிருக்கும். நான் போடவில்லை. ஆசை கண்ணை மறைக்காமல் இருக்கத்தான் அத்தனை விதியும். அது கண்ணைவிட்டுப் புத்தியைப் போய் மறைத்துவிட்டது.

ஒருவழியாக எண்ணிக்கை முடிந்தது. கூட்ட அறையில் மேடம், பூட்டு, நான். பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மஞ்சள், அம்மா. சிவப்பு, அப்பா. பச்சை, புரதம் போடாத குழந்தை.

நீலத்தை அவர் வாசிக்கும் முன்பே நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"கத்தரியோட கையை இறுக்கிப் பிடிச்சுட்டோம்" என்றார் மேடம். "துண்டே இல்லாமப் போச்சு. துண்டு குறைஞ்சாலும் கிளை வராது, கூடினாலும் வராது. இது நல்ல கண்டுபிடிப்பு. நிச்சயமா எழுதலாம்."

"அளவைக் குறைச்சா மேடம்?"

"பாக்கலாம். ஆனா ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வைரஸ் எத்தனை நுழையும்னு நம்ம கையில இல்லையே. தட்டுலயே இந்தப் பாடு." அவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மூளையில எப்படிம்மா அளந்து ஊத்துறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லாததால் அது இன்னும் கூடியது. பூட்டு எழுந்து வந்து என் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருப்பேன். சொல்லக் கூடாதே" என்றார். அவர் தானாக வாயைத் திறந்து பேசியது எனக்குத் தெரிந்து அதுதான்.

பஸ்ஸில் போகும்போது வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கடையில் சாயங்கால வெயில் மெத்தை வரை வந்திருந்தது. வாண்டு தலையணைகளுக்கு நடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். போன வாரத்தைவிடச் சாய்வு கூடித்தான் இருந்தது. அக்கா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் தாடையை விரலால் தாங்கி, விழுங்கும் வரை காத்திருந்து, வழிந்ததைத் துடைத்து, மறுபடி ஒரு கரண்டி.

என் முகத்தைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"எது யாரோடதுன்னு சொல்லிட்டாங்களா?"

"ம்."

"மஞ்சள்?"

"வாண்டு இல்லக்கா."

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "வாண்டோடது எது?"

"நீலம். புரதம் அதிகமாப் போயிடுச்சு. வளரல. இருந்ததைவிடச் சின்னதாயிடுச்சு." குரல் உடையாமல் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வேகமாகப் பேசினேன். "அளவைக் குறைச்சுத் திரும்பப் பண்ணுவோம்க்கா. ஆனா அது வாண்டுக்கு வந்து சேருமான்னு என்னால சொல்ல முடியாது. சேராதுன்னுதான் நினைக்கிறேன். நாளைக்கே அந்த நாற்காலிக்காரரைக் கூப்பிடணும்."

அழுவாள் என்று நினைத்தேன். கையில் இருப்பதை என் மேல் வீசுவாள் என்றும் நினைத்தேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். வாண்டுவின் வாயோரம் வழிந்திருந்த கஞ்சியைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த மஞ்சள் யாரோடது?"

"உன்னோடதுக்கா."

"என்னோடதா? அவ்வளவு கிளையும்?"

"ஆமா."

அவள் வாண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பேண்டுக்கு ஜிப் மாத்துறவளுக்கு எதுக்குடி அவ்வளவு?" என்றாள் அக்கா. "அதுல பாதியை இவளுக்கு எடுத்து வைக்க முடியாதா?"

"முடியாதுக்கா" என்றேன்.