ஈரப் புடவை

ஆடி பிறந்தால் போதும், பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சயனைடு மேடு காற்றில் தூசியாக எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சமென்று கொட்டிவிட்டுப் போன மண். பழைய புடவையை நனைத்து வாசலில் கட்டுவதுதான் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே தடுப்பு. பாக்கியவதியின் புருஷன் கொர்னேலியஸுக்கோ சுரங்கத் தூசி ஏற்கெனவே நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டது. அந்தப் புடவைதான் அவருக்கு மூச்சு.

இப்போது மேட்டடியில் சோலார் வந்திருக்கிறது. நாட்டுக்கே புகையில்லாத கரண்டாம். நல்லதுதான், யார் வேண்டாமென்றது? ஆனால் கண்ணாடியில் தூசி படிகிறதென்று ஒரே வாரத்தில் லாரி லாரியாகத் தண்ணீர் வந்ததே, அதுதான் பாக்கியவதிக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் நெஞ்சில் படிந்தபோது மேட்டில் ஒரு குடம் ஊற்ற நாதியில்லை. தெருக்குழாயும் வாரம் ஒருமுறைதான். அந்தக் கண்ணாடியைக் கழுவுகிற வேலைதான் அவளுக்கும் வாய்த்தது.

திறப்பு விழா அன்று சூப்பர்வைசர் சுனில் வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, டெல்லி கெஸ்ட் வர்றாங்க. போட்டோல பின்னாடி இந்தக் கந்தல் தெரியுது. ஸ்வல்ப நேரம் கழட்டுங்க."

"உள்ள மனுசன் கீறாரு, கண்ணு தெரியலியா?"

"வேலை வேணுமா, வேணாமா?"

"கழட்டிடு பாக்கியம்," என்றார் கொர்னேலியஸ் உள்ளிருந்து. "கதவ சாத்திக்கிறேன்."

அவிழ்த்தாள். சொட்டச் சொட்டக் கையில் தொங்கவிட்டபடியே போய் மேடையோரம் நின்றாள். கதவா அது? ஓட்டையும் பிளவும். அவர் இருமல் பந்தல்வரை கேட்டது.

விருந்தாளி மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரமாகச் சுத்தமான காற்றைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். அப்போது மேடு கிளம்பியது. அடேயப்பா, கோட்டு போட்டவர்கள் இருமிய இருமலைப் பார்க்க வேண்டுமே! சுனில் ஓடிவந்து அவள் கையிலிருந்த புடவையைப் பிடுங்கி, விருந்தாளி முகத்துக்கு முன்னால் திரையாகப் பிடித்தான். அதே கந்தலைத்தான். த்தூ!

பாக்கியவதி மேடையேறி ஒரே இழுப்பு.

"குட்ரா! இப்ப மட்டும் கந்தல் இல்லியா?"

"நாளைலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

"நாளைக்கு இன்னா, இப்பவே வரல போ."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கொர்னேலியஸ் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். புடவையோ காற்றில் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. குடத்தைக் கவிழ்த்தாள். சொட்டுக்கூட இல்லை.

மேட்டடியில் கண்ணாடி கழுவ லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அந்த லாரிக்கு நடந்தாள். எவன் தடுக்கிறான் பார்ப்போம்.