செங்கோடன் போட்ட முள்

குட்டை செங்கோடனுடையது, அவருக்கு வாயும் பெரிய வாய். தண்ணீர் குடிக்க வந்து வந்து பாவாயியின் செம்மறிகள் கரையையே தேய்த்துவிடுகின்றன என்று கத்தி, தை மாதம் கரை நெடுக வேல முள்ளை வெட்டிப் போட்டார். ஆடுகள் வருவது நின்றது. மிதிபடாத கரையில் எலிகள் குடியேறி வளை தோண்டின. ஐப்பசி மழையில் வளை வழியே தண்ணீர் புகுந்து கரை உடைந்தது.

ஆள் வைத்து உடைப்பில் மண் கொட்டியாயிற்று. அது இறுக வேண்டுமானால் மந்தை மிதிக்க வேண்டும். எருமப்பட்டிப் பக்கம் மந்தை பாவாயியிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் செங்கோடன் அவள் ஆட்டுப் பட்டிக்குப் போய் நின்றார்.

"ஆட்டை ஓட்டியாறியா, பாவாயி?"

"நான் வாரேனுங்க. ஆட்டுக்குத்தான் முள்ளுன்னா பயமுங்க."

செங்கோடனே குனிந்து அத்தனை முள்ளையும் பொறுக்கினார். சாயங்காலம் இருநூறு செம்மறிகள் புது மண்ணில் போயும் வந்தும் மிதித்ததில் கரை கல்லானது.

"வேலை முடிஞ்சுதுங்க, ஓட்டிக்கிட்டுப் போறேனுங்க" என்றாள் பாவாயி.

செங்கோடனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க போறே? ஒரு ஆடுகூடத் தண்ணி குடிக்கலே! நாளைக்கும் இந்தக் கரை மேலதான் ஓட்டியாரோணும். வரலீன்னா நடக்கிறதே வேற!"