ஒரு ரிங் என்றால் நலம்

குவைத்திலிருந்து ஊர் திரும்பிய செவந்திக்கு, புருஷனிடம் பேச வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, செல்போன் மணி அடித்தது. அரிமளம் பஸ் ஸ்டாண்டில் வேனை விட்டு இறங்கிய அன்றே இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாசியில் கடலை நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தைலமரக் கட்டைக்குத்தான் லாரிக்காரர்கள் விலையை இறக்கிவிட்டிருந்தார்கள். மற்றவர்களிடம் அவள் ஒழுங்காகவே பேசினாள். டீக்கடைக் கண்ணுசாமியிடம், "நல்லா இருக்கீங்களாண்ணே, கடைய இங்கிட்டு மாத்திட்டீங்களா?" என்று விசாரித்தாள். மகள் சரண்யாவைக் கட்டிப்பிடித்து, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டாள். பெட்டியை வாங்கக் கை நீட்டிய புருஷன் நாகராசுவைப் பார்த்து வாயைத் திறந்தபோதுதான், அதிலிருந்து பழைய பட்டன் போனின் மணிச்சத்தம் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. சுற்றி நின்றவர்கள் தங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள். நாகராசு தடவவில்லை. ஒரு ரிங் என்றால் நலம். அந்தக் குறியை வகுத்தவனே அவன்தான்.

செல்போன் காசை மிச்சம்பிடிப்பதில் நாகராசுவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எந்தக் கம்பெனி சிம்மில் ராத்திரிப் பேச்சு மலிவு, எந்தப் பூஸ்டர் கார்டு போட்டால் நிமிடத்துக்குப் பாதிக் காசு, எதில் லைஃப்டைம் என்று சொல்லிவிட்டு ஆறே மாதத்தில் ஆயுளை முடித்துவிடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று சட்டம் வந்ததும் அவனுக்கு இன்னொரு வழி பிறந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, நான் வேறு கம்பெனிக்குப் போகப்போகிறேன் என்று துக்கக் குரலில் சொல்வான்; அவர்கள் பதறிப்போய் ஆஃபர் தருவார்கள். கஸ்டமர் கேர் கால் இலவசம் என்பதால் அங்கே இருக்கும் பெண்களிடம் மழை தண்ணி, மாட்டுக்குக் கோமாரி வரை பேசிவிட்டுத்தான் வைப்பான். கம்பெனிக்காரர்கள் மாதத்தை இருபத்தெட்டு நாளாக வெட்டி, வருஷத்துக்குப் பதிமூன்று மாதம் என்று ஆக்கியபோது, ஊரில் முதலில் கண்டுபிடித்துக் கொதித்தவனும் அவனே. ஆட்கள் கடலைக்கொல்லைக்கே தேடிவந்து, எந்தப் பேக் போடலாம் என்று கேட்டுப் போனார்கள். கண்ணுசாமி மட்டும், "எல்லாரையும் பேச வச்சிட்டே மாப்ள, ஒன் பொண்டாட்டிகிட்ட எப்ப பேசப்போறே?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். "நாங்க பேசாம இருக்கமா? தெனமும் பேசிக்கிட்டுதான் இருக்கோம் மாமா, ஓசியில" என்பான் நாகராசு.

அவன் சொன்னதில் பொய்யில்லை. சரண்யா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது செவந்தி வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். கிளம்புவதற்கு முன்பே நாகராசு அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டான். ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் நலம். இரண்டு என்றால் பணம் போட்டாச்சு. மூன்று என்றால் ஊருக்கு வருகிறவர்கள் கையில் சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எடுத்தால்தானே காசு, எடுக்கவே கூடாது. போன புதிதில் ஒரு தடவை கை தவறிப் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டான். "ஏங்க" என்ற அவள் குரல் கேட்டது. பதறிப்போய் உடனே சிவப்புப் பட்டனை அமுக்கினான். ஒரு நிமிடக் காசு அநியாயமாகப் போய்விட்டதே என்று அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த விரல் பச்சைப் பட்டன் பக்கமே போகாதபடி பழகிக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடிக்கும், அவன் எண்ணுவான், நிற்கும். பதிலுக்கு அவன் ஒரு ரிங் விடுவான். சரண்யா சடங்கானபோதுதான் அதற்கு ஒரு குறி வைக்காமல் போய்விட்டோமே என்று உறைத்தது. மணமேல்குடியிலிருந்து குவைத்துக்குப் போன ஒரு அம்மாவிடம் சொல்லியனுப்பினான். அந்த அம்மா போய்ச் சேர்ந்த சில நாளில், ஒரு சாயங்காலம் போன் அடித்தது. மூன்றைத் தாண்டியும் நிற்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. நாகராசு போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "ஒரு பைசா செலவில்லாம எம்புட்டு நேரம் அடிக்குது பாருங்க" என்றுகூடச் சொன்னான். அடுத்த மாதம் வழக்கம்போல இரண்டு ரிங் வந்தது. பணமும் வந்தது. அந்த நீள ரிங் எதற்கு என்பது மட்டும் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தான். அவள் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வரவில்லை.

இடையில் பேச்சு இலவசமாகிவிட்டது. கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று நாட்டைத் திறந்துவிட்டன. ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்தார்கள். சரண்யாவின் கல்யாணத்துக்கு முன்னால் நாகராசுவும் பெரிய போன் வாங்கி, நெட்டில் முகம் பார்த்துப் பேச ஒரு தடவை கூப்பிட்டான். செவந்தி உடனே கட் பண்ணினாள். பிறகு அவளிடமிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. அவனுக்குக் காசு போய்விடும் என்று பயந்திருப்பாள். சொல்லிக்கொடுத்த பாடத்தை அவள் மறக்கிற ஆளில்லை.

இப்படித்தான் அவள் திரும்பி வந்தாள், தலை பாதி நரைத்து, ஏ.சி. காற்றில் முட்டி பிடித்து. அவள் அனுப்பிய பணத்தில் கட்டிய காங்கிரீட் வீட்டில் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள். காலையில் எழுந்ததும் அவனைப் பார்த்து ஒரு ரிங். சந்தையிலிருந்து சாமான் வந்தால் மூன்று. ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். பூசாரி வேப்பிலை அடித்தபோது அவர் கேட்டதற்கெல்லாம் செவந்தி வாயாலேயே பதில் சொன்னாள். நாகராசு குறுக்கே ஒரு வார்த்தை கேட்டதற்கு மணி அடித்தது. செல்போன் சர்வீஸ் கடைக்காரன், "அண்ணே, இது நம்ம ஐட்டம் இல்லண்ணே" என்று கைகூப்பினான். தான் மணி அடிப்பது செவந்திக்கே தெரியவில்லை. "அப்பாகிட்ட ஏம்மா பேச மாட்டேங்கிறே?" என்று சரண்யா கேட்டதற்கு, "பேசிக்கிட்டுதானே இருக்கேன், ஒங்கப்பாவுக்குத்தான் காது கேக்கல போல" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மட்டும் நீள ரிங் வந்தது. செவந்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், இல்லை துணி மடித்துக்கொண்டிருப்பாள். வாய் லேசாகத் திறக்கும். மணி அடிக்கத் தொடங்கும். ஓய்ந்து மறுபடியும் அடிக்கும். அதுதான் அந்த ரிங் என்று நாகராசுவுக்குத் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான், எண்ணுவான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மகளை விட்டுக் கேட்கச் சொன்னான். "அன்னைக்கு அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. அவுக எடுக்கல. அவுககிட்டக் கேக்க வேண்டியத ஒன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, விடு" என்று சொல்லிவிட்டாள் செவந்தி.

பங்குனிப் பொங்கலுக்கு வந்திருந்த சரண்யா, ஒரு சாயங்காலம் அந்தச் சத்தத்தில் பிள்ளை தூங்க மாட்டேன் என்று அழுததும் பொறுமை இழந்தாள். "மணி அடிச்சா எடுக்கணும்ப்பா. ஊருக்கெல்லாம் போன் சொல்லிக்குடுத்தீங்க, அது மட்டும் ஒங்களுக்குத் தெரியல" என்று கத்திவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள். நாகராசு வெகுநேரம் தயங்கினான். காசு போய்விடுமோ என்று அப்போதும் ஒரு கணம் மனது கணக்குப் போட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்டாட்டியின் முகத்துக்கு நேராக, "ஹலோ" என்றான்.

மணி நின்றது. செவந்தியின் வாயிலிருந்து அவளுடைய இளவயதுக் குரல் வந்தது. அதற்குப் பின்னால் ஏ.சி. இரைச்சலும், அரபியில் ஒரு குழந்தை அழும் சத்தமும் கேட்டன. "ஏங்க, நான்தான். காசு ஓடும், சுருக்காக் கேட்டுக்கங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. இருக்கியா போறியா, ராத்திரிக்குள்ள சொல்லுங்கிறாக. பாப்பா சடங்காயிட்டாளாமே. எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. வந்துரவா?"

நாகராசு எதிரே இருந்தவளின் நரைத்த தலையைப் பார்த்தான். "வந்துரு செவந்தி" என்றான்.

"சரிங்க. அப்ப டிக்கெட் போடச் சொல்லிர்றேன்." குரலில் அப்படி ஒரு சிரிப்பு. லைன் கட்டானது. செவந்தி கீரைத் தண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். அவனைப் பார்த்து ஒரு ரிங் அடித்தாள்.

எல்லாம் தீர்ந்தது என்று அவன் நினைத்தான். மறுநாள் விளக்கு வைத்ததும் மறுபடி நீள ரிங், அதே குழந்தையின் அழுகை, அதே கேள்வி. வந்துரு என்றான், சரிங்க என்றாள். பேச்சை நீட்டப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று ஒரு நாள் கேட்டான். "காசு ஓடுதுங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். இன்னொரு நாள், ஏதோ ஆத்திரத்தில், "இருந்துட்டு வா" என்று சொல்லிப் பார்த்தான். சிறிது நேரம் ஏ.சி. மட்டும் இரைந்தது. "சரிங்க" என்றாள். அந்தக் குரலை இரண்டாம் தடவை கேட்க அவனுக்குத் திராணி இல்லை. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த வேலை இருந்தாலும் விளக்கு வைக்குமுன் வீட்டுக்கு வந்துவிடுவான். புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணம் காட்சி என்றால் போவதே இல்லை.

அரிமளத்தில் இப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரீசார்ஜ் விலை இதற்குள் பல தடவை ஏறிவிட்டது. எந்தப் பேக் போடலாம் என்று நாகராசுவிடம் கேட்க இப்போது ஆள் வருவதில்லை, கேட்டாலும் அவன் சொல்வதில்லை. அந்த மணிச்சத்தத்தை வைத்துத்தான் தெருவில் கோழியை அடைக்கிறார்கள், கண்ணுசாமி கடையில் லைட் போடுகிறார். பேசி முடித்துவிட்டு நாகராசு டீ குடிக்க வருவான்.

"என்ன மாப்ள, என்னாச்சு?" என்பார் கண்ணுசாமி, கிளாஸைக் கழுவிக்கொண்டே.

"டிக்கெட் போடச் சொல்லிட்டாளாம் மாமா."

"வரட்டும் வரட்டும்" என்று டீயை ஆற்றிக் கொடுப்பார். நாகராசு குடித்துவிட்டு, வீட்டில் இருக்கிற செவந்திக்கு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு போவான். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஒரு ரிங் விடுவாள்.