மூன்றாவது இலக்குக்குப் பச்சை

நிறுவனத்தில் அவளைக் குத்துக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது பொறியியல், பார்ப்பது குத்துகிற வேலை. கத்தி பாயாத கவசச் சட்டை செய்து சிறைக் காவலர்களுக்குக் கொடுப்பது, பல்கலைக்கழகத்தின் அந்த ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக்கொண்ட மூன்றாவது இலக்கு. சட்டையைக் களிமண் பொம்மைக்கு மாட்டித் தோள் இற்றுப்போகும்வரை குத்துவாள்.

குளிர்சாதன அறையில் கத்தி சட்டையைத் தாண்டாமல் நின்றது. ஆனால் சிறைக்குள் ஏது குளிர்சாதனம்? அவள் தம்பியே சிறைக் காவலன். தொப்பலாக நனைந்துதான் வீட்டுக்கு வருவான். ஒருநாள் அவள் சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் குத்தினாள். கத்தி பிடிவரை இறங்கியது. ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னாள்.

"ஈரத்துல குத்திப் பாக்கணும்னு இலக்குல எங்க இருக்கு?" என்றார் இயக்குநர். இலக்கு எட்டியாயிற்று என்று திரையில் பச்சை தெரிந்தால் அவருக்குப் போதும், ஊரில் யார் செத்தால் என்ன?

ஆண்டு மதிப்பீட்டுக் குழு வந்த அன்று திரையில் எல்லா இலக்கும் பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்றாவதற்குச் சாட்சியாக ஒரு காவலனை உள்ளே அழைத்தார் இயக்குநர். கவசச் சட்டையோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றான் அவள் தம்பி. ஒரு மாதமாக அவன் பிரிவில் எல்லாரும் அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். வீட்டில் மூச்சு விடவில்லை, பாவி.

"கழட்டுடா அத!"

"அக்கா, மானத்த வாங்காத."

அவள் பாய்ந்து அவன் தோள்வாரை இழுத்து அவிழ்த்தாள். குறுக்கே வந்து கையைப் பிடித்த இயக்குநரின் வாயில் முழங்கையால் ஒரு இடி விட்டாள். பல் உடைந்து ரத்தம் அவர் சட்டையில் வழிந்தது. உருவிய கவசத்தை அவர் நாற்காலியில் வீசி, கூஜாத் தண்ணீரை அதன்மேல் கொட்டினாள். மேஜையில் பார்வைக்கு வைத்திருந்த கத்தியை எடுத்து ஓங்கிக் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். தம்பி அவளைத் திருப்பிக் கன்னத்தில் அறைந்து சுவரில் மோதவிட்டான். அவள் உதடு கிழிந்தது.

"அடிடா! இன்னும் அடி! அடிச்சிட்டு அதப் போய்ப் பாரு!"

அவன் போய்ப் பார்த்தான். கத்தி கவசத்தைத் துளைத்து, மெத்தையைத் துளைத்து, பலகையில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் அவனால் அதைப் பிடுங்க முடிந்தது.

"அப்ப பச்சை இல்லையா?" என்றார் குழுத் தலைவர்.

"மஞ்சள்னு போட்டுக்கலாம் சார்," என்றார் இயக்குநர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "முன்னேறிக்கிட்டுதான் இருக்கு."

தம்பி கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போகாதடா. உன் கால்ல விழறேன்."

"நான் போகலன்னா இன்னொருத்தன் போவான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா." அவன் கையிலிருந்த கவசத்தைத் தடவினான். "போன வாரம் ஒருத்தன் என் வயித்துக்குக் கத்திய ஓங்கினான்க்கா. சட்டையப் பாத்தான். ஓங்கின கைய எறக்கிட்டான்."

அவள் நீட்டிய கையை அவன் தட்டிவிட்டான்.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல? இத்தன பேரு முன்னாடி குத்திக் காட்டிட்டியே. டீ கொண்டாந்தவர்கூடப் பாத்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள ஜெயில்ல இருக்கற கைதிங்க காதுக்கும் போயிடும். இனிமே எவன் கைய எறக்குவான்?"

"வேற சட்டை செஞ்சு தரேன்டா."

"எப்ப?"

அவன் அந்த ஈரச் சட்டையையே தலைவழியாக மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.