பிள்ளையாருக்கு முன்னால் ஒரு ஒயில் மூடி

மார்க்கண்டு மாமாவுக்கு வான் வண்டி ஓடவும் தெரியும். ஆனால் வானைப் பற்றிக் கதைக்கத்தான் இன்னும் கூடத் தெரியும் என்பது மருமகன் கீர்த்திகனின் எண்ணம். தகப்பன் இல்லாத பிள்ளை. அவன் கலியாணத்தில் மாமா வைத்ததுதான் சட்டம்.

கலியாண நாள் காலையில் மீசாலை வீட்டு வாசலில், சனம் பார்க்கவென்றே மாமா வானின் முன்சீற்றைத் தூக்கி எஞ்சினைத் திறந்தார்.

"பொம்பிளை வீடு கரவெட்டி, தூரப் பயணம். ஒயில் பாக்காமல் வாகனம் எடுக்கிறவன் மடையன்!"

ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, ஒற்றைக் கண்ணால் ஓட்டைக்குள் பார்த்தார். "தங்கம் மாதிரிக் கிடக்குது." ஒயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை அவர் தொடவேயில்லை. மூடியைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆராத்தித் தட்டில் தேசிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். கற்பூரம் காட்டியாயிற்று. தேசிக்காயைச் சில்லுக்கடியில் வைத்தாயிற்று. தட்டைப் பெரியம்மா நல்லம்மா சாமியறைக்குக் கொண்டுபோனா. மாமா சீற்றை இறக்கி, அதன்மேல் ராசா மாதிரி ஏறி இருந்தார். வான் புறப்பட, தேசிக்காய் நசிந்தது.

கொடிகாமம் தாண்ட, ராசாவின் ஆசனத்துக்கடியில் இருந்து புகை வந்தது. வரணிக்குக் கிட்ட வான் ஒரேயடியாய் நின்றது. சீற்றைத் தூக்கினால் எஞ்சின் முழுக்க ஒயில்.

"மாமா, தங்கம் மாதிரிக் கிடந்த ஒயில் இப்ப என்ரை பட்டுச்சீலையிலை கிடக்குது," என்றாள் மாப்பிள்ளையின் தங்கை உதயகலா.

கீர்த்திகன் வீட்டுக்குப் போன் எடுத்தான். பெரியம்மாதான் பேசினா.

"ஓம் ராசா, மூடி பிள்ளையாருக்கு முன்னாலை பத்திரமாய்க் கிடக்குது. பூவும் வைச்சனான்."

"ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ, பெரியம்மா!"

"என்ன கதை இது? ஆராத்தித் தட்டு. தாலி ஏறின சேதி வராமல் அசைக்கப்படாது."

"மூடி வராமல் தாலி எப்பிடி ஏறும்?"

"பிள்ளையார் பாப்பார்." போன் கட்டாயிற்று.

ஒரு ஓட்டோ தானாகவே வந்து ஓரங்கட்டியது. கீர்த்திகன் பட்டுவேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தான்.

"காலை உள்ளை எடடா! மாப்பிள்ளை இடைவழியிலை இறங்கினால் சகுனப்பிழை. எங்கடை பரம்பரையிலை ஆரும் ஓட்டோவிலை போய்த் தாலி கட்டினவங்களோ?" மாமா ஓட்டோக்காரனுக்குக் கை காட்டினார். "நீர் போம் தம்பி. எஞ்சின் சும்மா ஆறுது."

ஓட்டோ போய்விட்டது. கீர்த்திகன் தலைப்பாகையோடு, விளக்கு வைக்காத கொலுப்பொம்மை மாதிரி இருந்தான். மாமா ஒரு வெற்றிலையைச் சுருட்டி ஒயில் ஓட்டைக்குள் செருகிப் பார்த்தார். அது உள்ளே விழுந்துவிட்டது.

பொம்பிளை கஜானி போன் எடுத்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"எங்கையப்பா நிக்கிறியள்? முகூர்த்தம் முடியப்போகுது. ஐயர் மணவறையைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார்."

மாமா போனைப் பறித்தார்.

"பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதை. நாங்கள் ஒயில் பாத்துத்தான் வெளிக்கிட்டனாங்கள்."

போன் கட்டாகவில்லை; அதற்குள் கேட்டுக்கொண்டிருந்த நாதஸ்வரம்தான் நின்றது.