டீக்கடையில் சொன்ன தப்பு

தேசப்பன் கிரேன் ஏறத் தொடங்கியபோது அவன் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. இப்போது வயது நாற்பத்தாறு. எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் வேலை. நாலு மாடி உயரத்துக் கேபினில் உட்கார்ந்து, காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைப்பான். பெட்டி போய் உட்காரும்போது சீட்டில் ஒரு அதிர்வு வரும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது இடுப்புக்கே தெரியும். யோசித்துச் செய்கிற வேலை அல்ல அது.

போன தை மாதம் கம்பெனி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது. இனி யாரும் மேலே ஏற வேண்டாம். ஏசி அறையில் மேசை முன்னால் உட்கார்ந்து, திரையைப் பார்த்து கிரேனை ஓட்டலாம். ஒருவரே ரெண்டு கிரேனைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் பாதிப் பேருக்குத்தான் மேசை. மற்றவர்களுக்குக் கீழே, தரையில் வேலை. பயிற்சி முடிந்ததும் யார் எங்கே என்று சொல்வார்கள்.

“எறங்கி நின்னா வெயில்ல வெந்து பூடுவோம் மாமு,” என்றான் லியோனார்ட். ராயபுரத்துக்காரன். ரெண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேசப்பன் வியாசர்பாடியிலிருந்து பைக்கில் வருவான். லியோனார்ட் டோல்கேட்டில் நிற்பான். அங்கிருந்து ரெண்டு பேரும் ஒரே வண்டியில். மனைவி செங்கொடியைப் பெண் பார்க்கப் போனபோது தேசப்பனுக்குத் துணையாகப் போனவனே லியோனார்ட்தான்.

பயிற்சி கொடுக்க வந்த மோகனப்ரியாவுக்கு முப்பது வயது இருக்கும். முதலில் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற பொம்மைக் கிரேனில் பழக்கினாள். தேசப்பன் முதல் பெட்டியை இறக்கியபோது திரையிலிருந்த லாரியின் கூரை நசுங்கிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. நாற்காலி அசையவில்லை, காற்று இல்லை, ஆழம் தெரியவில்லை. கை ஒன்று நினைக்க, திரையில் வேறொன்று நடந்தது. ஒரு மணி நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. லாரி ஓட்டத் தெரியாத சின்னப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இருந்தது என்று வீட்டில் செங்கொடியிடம் சொன்னான். அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

லியோனார்டுக்கும் இதே பாடுதான். திருவொற்றியூரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அன்றைக்கு எங்கெங்கே சொதப்பினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். அறையில் மற்றவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். இங்கே கூச்சம் இல்லை.

“நீ ஒரே கேமராவ பாத்துகினே கீற. மூலையில கீற சின்னப் படத்தப் பாரு. நெழல் வந்து பெட்டியோட ஒட்டுச்சுன்னா ஒக்காந்துச்சுன்னு அர்த்தம்,” என்றான் லியோனார்ட்.

தேசப்பன் மறுநாள் நிழலைப் பார்த்தான். பெட்டி பதமாக உட்கார்ந்தது. பதிலுக்கு, திரையில் சிவப்பில் வரும் ஆங்கில எச்சரிக்கைகளை லியோனார்டுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். லியோனார்டுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அது மறைந்துவிடும். வார்த்தையின் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழக்கினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகிற்று. குமட்டல் நின்றது. அந்த வயதில் புதிதாக ஒன்று கைவந்ததில் தேசப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

பிறகு நிஜக் கிரேனில் விட்டார்கள். ரெண்டாவது வாரம் வல்லரசு என்கிற டிரைவர் பெட்டி ஏற்றிய டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினான். டிரெய்லரின் நாலு மூலையிலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் லாக் இருக்கும். அதில் ஒன்றைத் திறக்க வல்லரசு மறந்துவிட்டான். தேசப்பன் தூக்கினான். பெட்டியோடு டிரெய்லரும் சேர்ந்து எழும்பியது. பழைய கேபினாக இருந்திருந்தால் அந்த இழுப்பு முதுகில் தெரிந்திருக்கும். திரையில் சக்கரம் தரையை விட்டுப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. உடனே இறக்கினான். வல்லரசு இறங்கி வந்து லாக்கைத் திறந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கேமராவைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவன் தப்பும் அதில் இருந்ததால் அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

தேசப்பன் டீக்கடையில் சொன்னான். “ஒரு சாண் எழும்பிச்சு மாமு. உள்ள ஆள் குந்திகினு கீறான். எனுக்கு கை காலே ஓடல.”

லியோனார்ட் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, “எனுக்கும் போன வாரம் அதே கதைதான். நான் வாயத் தொறக்கல. நீயும் தொறக்காத,” என்றான்.

நாலாம் நாள் மோகனப்ரியா தேசப்பனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“வல்லரசோட டிரெய்லர ஒரு சாண் தூக்கிட்டீங்களாமே?”

அந்த ஒரு சாண் என்ற அளவைத் தேசப்பன் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தான். மறுக்கத் தோன்றவில்லை. ஆமாம் என்றான்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“சொன்னா கழிச்சிடுவீங்கன்னுதாம்மா.”

“தூக்கினதுக்காக நான் யாரையும் கழிக்க மாட்டேன், சார். அதுக்குத்தான் பயிற்சி. ஆனா மறைச்சதுல உங்களக் காப்பாத்த என்னால முடியாது.” அவள் குரலில் கோபம் இல்லை. “வேற யாருக்காவது இப்படி ஆச்சா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியோனார்ட் மேசையில் உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அவன் பெயர் தேசப்பனின் நாக்கு நுனி வரை வந்தது. “தெரியாது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

லியோனார்டுக்கு மேசை கிடைத்தது. தேசப்பனுக்குத் தரை. ஆரஞ்சு சட்டையும் வாக்கி டாக்கியுமாக லாரிகளை வரிசையில் நிறுத்தும் வேலை.

பைக் ஸ்டாண்டில் லியோனார்ட் வழக்கம்போல வந்து பின்சீட்டைப் பிடித்தான்.

“எதுக்கு போய்ச் சொன்ன?” என்றான் தேசப்பன்.

லியோனார்ட் சீட்டிலிருந்து கையை எடுத்தான். “மாமு, என் முட்டி உனுக்குத் தெரியும். நாள் பூரா நிக்க முடியாது. கடசி எடத்துக்கு நீயும் நானுந்தான்னு காதுல விழுந்துச்சு. நீ எங்க போனாலும் பொழச்சிப்ப.”

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா குடுத்திருப்பியா?”

தேசப்பன் யோசித்தான். “தெரியல. ஆனா கேட்டிருக்கணும் நீ.” வண்டியை எடுத்தான். “நீயும் தூக்கினவன். அத்த நீயே போய் சொல்லிடு. கீழ ஆளுங்க நடமாடுறாங்க.”

லியோனார்ட் சொல்லவில்லை. தேசப்பன் தினமும் அவன் ஓட்டுகிற கிரேனுக்கு அடியில் நின்றான். பெட்டி எழும்பும்போதெல்லாம் சக்கரத்தையே பார்த்தான். டிரைவர்கள் பீடி பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒன்றும் அறியாமல் கடந்து போனார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மோகனப்ரியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் லியோனார்டை மறுபடி சோதித்தாள். நன்றாகவே ஓட்டினான், பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் மேசையும் அவனிடமே இருந்தது. ஆனால் லாக் நாலும் திறந்திருக்கிறது என்று தரையில் நிற்கிறவன் வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் தூக்க வேண்டும் என்று புது முறை வந்தது. யார்டில் எல்லோரும், தேசப்பன் வஞ்சம் தீர்த்துக்கொண்டான் என்றார்கள். அவன் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை. கொஞ்சம் வஞ்சமும் அதில் கலந்திருந்ததோ என்று அவனுக்கே சந்தேகம்.

ஆடியில், மேலும் சில கிரேன்களுக்காக அடுத்த பயிற்சி வந்தது. தேசப்பன் மறுபடி சேர்ந்தான். பக்கத்து மேசையில், அதுவரை யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஷம்ஷாத் என்ற பெண்.

“அண்ணே, எனக்கு எறக்கும்போது ஆழமே தெரிய மாட்டேங்குது. உங்களுக்கு எப்டிண்ணே?” என்று கேட்டாள்.

அவனுக்கும் அன்றைக்கு ரெண்டு தரம் தப்பாகியிருந்தது. “நெழலப் பாரும்மா,” என்று மட்டும் சொன்னான். தன் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. தனியாகவே பழகினான். முதல் தடவையை விட ரொம்ப நாள் பிடித்தது. தேறினான். லியோனார்டின் மேசைக்கு ரெண்டு மேசை தள்ளி இடம் கொடுத்தார்கள். கிரேன் நம்பர், லைன் நம்பர் தவிர வேறு பேச்சில்லை.

மார்கழி வருவதற்குள் லியோனார்டின் மகள் சினேகாவுக்கு ராயபுரத்தில் கல்யாணம். பத்திரிகையை லியோனார்டின் மனைவி வீட்டுக்கே வந்து செங்கொடியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தேசப்பன் போனான். மேடையேறி, குழந்தையாகத் தோளில் தூக்கிய பெண்ணின் தலையில் கை வைத்து வாழ்த்தி, கவரைக் கொடுத்தான். இறங்கும்போது லியோனார்ட் கோட்டும் சூட்டுமாக எதிரே நின்றான். முட்டியைத் தாங்கித்தான் நின்றிருந்தான்.

“சாப்ட்டு போ மாமு,” என்றான்.

பந்தியில் செங்கொடி ஏற்கெனவே உட்கார்ந்து, பக்கத்து இலைக்கு முன்னால் கையை வைத்து இடம் பிடித்திருந்தாள். பிரியாணி வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

“பசியில்ல,” என்றான் தேசப்பன்.

வெளியே வந்து, அவள் சாப்பிட்டு வரும்வரை வண்டி மேல் உட்கார்ந்திருந்தான்.